உச்சிவேளைப் பால்

“இந்தக் கொழந்தைக்கு யாரும்மா பால் குடுக்கிறது?”

நர்ஸ் சண்முகப்ரியா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சேரப்பணஞ்சேரி அங்கன்வாடியில் புதன்கிழமை ஊசி போடும் நாள். வேல்விழியக்காவின் குழந்தைக்குப் பதினான்காவது வாரத்து ஊசி. அக்காவும் கூட வந்திருந்தாள். ஆனால் அவளால் நிற்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். குழந்தை என் கையில் இருந்தது.

எடை மெஷினில் முள் போய் நின்ற இடத்தை நர்ஸ் இரண்டு தடவை பார்த்தார். குழந்தையை எடுத்துவிட்டு, முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று சரிபார்த்து, மறுபடியும் போட்டார்.

“ஒரு மாசத்துல ஒன்றரைக் கிலோ. அம்மாவுக்கு ரத்தம் ஆறரைதான் இருக்குது. பால் வத்தி ரெண்டு வாரம் ஆச்சுன்னு அவங்களே சொல்றாங்க. அப்ப இது எதைக் குடிச்சு இப்படி வளருது?”

குழந்தையை அவர் தோளில் போட்டுத் தட்டியபோது அது கொஞ்சம் கக்கியது. மஞ்சளாக, கெட்டியாக, விரலில் ஒட்டும்படி இருந்தது. அவர் அதைத் தொட்டு மோந்து பார்த்தார்.

“இது டப்பாப் பால் இல்ல. சீம்பால் மாதிரி இருக்குது. பெத்த ரெண்டு மூணு நாள்லதான் இப்படிச் சுரக்கும். உங்க லைன் வூட்டுல யாராவது இப்பதான் பெத்துருக்குறாங்களா?”

எங்கள் லைன் வீட்டில் பத்து அறைகள். கைக்குழந்தை இருப்பது வேல்விழியக்காவுக்கு மட்டும்தான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதில் தெரியாததால் அல்ல.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேல்விழியக்கா குடும்பம் எங்கள் லைன் வீட்டுக்குக் குடிவந்தது. ஷேர் ஆட்டோவிலிருந்து இரண்டு பை, ஒரு ஸ்டவ், ஒரு ஃபேன், துணியில் சுற்றிய குழந்தை. ஊர் சங்கரன்கோவில் பக்கம். அக்காவின் புருஷன் பேச்சிராஜ் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். பத்து நாளைக்கு ஒரு முறைதான் வருவார்.

லைன் வீடு ஜெகநாதன் என்பவருக்குச் சொந்தம். மோட்டார் போடுவது, கூட்டுவது, குப்பை எடுப்பது எல்லாம் அம்மா வேலை. என் அம்மா இந்திராணிக்குக் கர்ப்பப்பை எடுத்த வருஷம், அவளால் ஒரு குடம் தூக்க முடியாமல் போனது. அந்த வருஷம்தான் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். அம்மா படுத்துவிட்டால் வீட்டில் வேறு யாராவது எழுந்து நிற்க வேண்டும்.

“இந்தப் பிள்ள பேசாதோ?” என்று அக்கா அம்மாவைக் கேட்டாள்.

“பேசும். அது வாயத் தொறக்கறதுக்குள்ள பஸ்சு போயிடும்.”

“நல்லதாப் போச்சு. எம் பிள்ள தூங்கும்போது சத்தம் போடாத ஆளுதான் எனக்கு வேணும்.”

அப்படித்தான் குழந்தை என்னிடம் வந்தது. செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அக்காவுக்குக் காண்ட்ராக்ட் வேலை. பிறந்து எழுபது நாளைக்குள் வரவில்லையென்றால் கம்பெனி லைனில் அவள் இடத்தில் வேறு ஆள் நிற்பாள் என்று சொல்லிவிட்டார்கள். எழுபதாம் நாள் விடியற்காலையில் அவள் கம்பெனி பஸ் ஏறினாள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. மூன்று மணிக்குத் திரும்பி வருவாள்.

போகும் முன் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாலைப் பீய்ச்சி, ஈரத்துணி போட்டு மூடி வைப்பாள். நான் பாலாடையில் ஊற்றிப் புகட்ட வேண்டும். எங்கள் அறைகளுக்குத் தகரக் கூரை. பத்து மணிக்கெல்லாம் மீதிப் பால் புளித்துவிடும்.

“கெட்டுப்போனாச் சாக்கடையில ஊத்திராத. கால் படுத எடத்துலயும் ஊத்தாத. எறும்பு மொய்ச்சா எனக்குப் பால் வத்திரும். ஏதாவது மரத்து மூட்டுல ஊத்து” என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

எங்கள் வளாகம் முழுக்க சிமெண்ட். ஒரே ஒரு வேப்பமரம், தெருவைத் தாண்டி டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் அடியில் எப்போதும் ஏழெட்டுப் பையன்கள் நிற்பார்கள். கையில் டம்ளரோடு அவர்களைத் தாண்டிப் போக எனக்குக் கூச்சம்.

அதனால் பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லின்மேல் ஊற்றினேன்.

ஆள் நீளக் கருங்கல். இரண்டு பக்கமும் ஹாலோபிளாக் அடுக்கி அதன்மேல் படுக்க வைத்திருந்தார்கள். பாலை ஊற்றிவிட்டு, கழுவத் தண்ணீர் மொண்டு திரும்புவதற்குள் கல் காய்ந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். மறுநாள் நிழல் விழுந்த ஓரத்தில் ஊற்றினேன். அதுவும் காய்ந்தது. கறை இல்லை. ஈ இல்லை. எறும்பு ஒன்றுகூட வரவில்லை.

எறும்பு வராததால் நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆனாலும் அக்காவுக்குப் பால் குறைந்தது. கம்பெனியில் பத்து நிமிஷ பிரேக்கில் கழிவறை வரிசையில் நின்று, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் பீய்ச்சிவிட்டு வருவாளாம். மேல்கோட்டில் ஈரம் தெரியக்கூடாது என்று மார்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டே இருப்பாள். சோறு இறங்காது. நகமெல்லாம் வெள்ளைக் காகிதம் போல ஆகிவிட்டது. டம்ளர் பாதியானது. பிறகு அடியில் ஒரு விரல் அளவு. பிறகு காலி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

டப்பாப் பால் வந்தது. சம்பளம் வரும்வரை டப்பா தாங்க வேண்டும் என்று அக்கா அதில் போட்டிருக்கும் அளவுக்கு இரண்டு மடங்கு தண்ணீர் விடச் சொன்னாள். குழந்தை குடிக்கும், கால் மணி நேரத்தில் அழும். கன்னம் வற்றியது. உச்சந்தலை பள்ளமாகத் தெரிந்தது. பக்கத்து அறைகளில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் சுவரில் குத்துவார்கள்.

“ஏய் ஊமை, அந்தக் கொழந்தைய இன்னாத்தான் பண்றே? வாய்ல எதுனா வையி” என்று ஏழாம் நம்பர் ரஞ்சித் கத்துவான்.

வைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. தூளியை ஆட்டிப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். நான்கு எட்டு இந்தப் பக்கம், நான்கு எட்டு அந்தப் பக்கம். அக்கா திரும்பி வரும்போது குழந்தை உயிரோடு இருக்குமா என்பது ஒன்றுதான் என் மனதில் ஓடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில், பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். குழந்தையின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.

திடீரென்று நின்றது.

மூச்சு வாங்கி நிற்கும் நிற்பு அல்ல. வாயில் எதையோ வைத்தால் நிற்குமே, அது.

ஓடினேன். அறையில் யாரும் இல்லை. தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை கண்ணை மூடி, கை விரல்களைத் தளர்த்தி, வயிறு நிறைந்த குழந்தை தூங்குவதுபோலத் தூங்கியது. வாயோரம் மஞ்சளாக ஒரு துளி. அறை முழுக்கப் பச்சை உடம்புக்காரியின் வாசனை. மஞ்சள், பெருங்காயம், புளித்த பால்.

தரையில் சொட்டுச் சொட்டாகப் பால். தூளியிலிருந்து வாசல் வரைக்கும்.

வாசலுக்கு வெளியே ஒன்றும் இல்லை.

ஈரத்துணியால் துடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமையும் துடைத்தேன். அடுத்த வாரம் முழுக்கத் துடைத்தேன். பன்னிரண்டு மணி ஆகும்போது நானே எழுந்து பின்பக்கம் போக ஆரம்பித்தேன். குழந்தையின் கன்னத்தில் சதை வந்தது. ரஞ்சித் சுவரைக் குத்துவதை நிறுத்தினான்.

பிறகுதான் அந்தப் புதன்கிழமை. நர்ஸ் கேட்டதற்கு நான் தலையைக் குனிந்து நின்றேன். அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

“ரத்தம் ஏத்தணும். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நீங்க விழுந்தீங்கன்னா கொழந்தையும் விழும்.”

“சம்பளம் போட்டதும் போயிருதேன் சிஸ்டர்” என்றாள் அக்கா. கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் நான் துணி துவைக்கப் போகவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மூலையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

குழந்தை அழத் தொடங்கியது. எதிர்க் கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்தது. தகரக் கூரை வெயிலில் டக் டக் என்று விரிந்தது.

முதலில் வாசனை வந்தது.

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை. ஆனால் அறையில் இடம் குறைந்தது. கூட்டமான பஸ்ஸில் இன்னொருவர் ஏறினால் பார்க்காமலே தெரியுமே, அதுபோல.

தூளியின் புடவை ஒரு பக்கமாக உள்ளே அமுங்கியது. வெளியிலிருந்து எதுவோ அதன்மேல் சாய்ந்தது. உருண்டையாக, பெரிதாக. மாசமாக இருக்கிற பெண்கள் குழாயடியில் குனியும்போது வயிறு குடத்தில் இடிக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

இது அந்த வயிறு. நிறைமாத வயிறு.

அதற்கு மேலே கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

குழந்தை அழுகையை நிறுத்தியது. மடக், மடக் என்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“என்னுது எழுந்துக்கவே மாட்டுது.”

குழாயடி வரிசையில் பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வதுபோல, தாழ்ந்த குரல்.

“இது எழுந்துக்குது.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். புடவையின் அமுங்கல் மெல்ல விலகியது. தரையில் ஒரு சொட்டு விழுந்தது. அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று. அதற்கும் இந்தப் பக்கம் இன்னொன்று.

கடைசிச் சொட்டு என் கால் விரலுக்கு முன்னால் விழுந்தது.

சூடாகத் தெறித்தது.

“அவ எப்ப வருவா?”

நர்ஸ் கேட்டபோது திறக்காத வாய். அம்மா கேட்டாலே திறக்காத வாய். அது தானாகத் திறந்தது.

“மூணு மணிக்கு” என்றேன்.

“அதுக்குள்ள இதுக்கு வயிறு ரொம்பிடும்.”

பிறகு அறையில் பழையபடி இடம் இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். “அந்தத் தொவைக்கிற கல்லு எங்கருந்து வந்துது?”

“இன்னாடி, நாள் பூரா வாயத் தொறக்காதவ, கல்லப் பத்திக் கேக்குறே?” என்றாள் அம்மா. “ரோட்ட அகலம் பண்ணச்சொல்லோ ஜெகநாதன் ஜேசிபிகாரங்கிட்ட சொல்லி எடுத்தாந்தாரு. ரோட்டோரமா நின்னுகினு இருந்துது. இன்னாத்துக்கு?”

“சும்மா.”

செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு கல்லுக்கு அடியில் தலையை நுழைத்தேன். கீழ்ப்பக்கம் சோப்பு நுரை காய்ந்து படிந்திருந்தது. நகத்தால் சுரண்டச் சுரண்ட எழுத்து வந்தது. மணிமங்கலம் நாகப்பன் மனைவி கோமதியம்மாள் ஞாபகார்த்த சுமைதாங்கி.

வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவளுக்குத்தான் சுமைதாங்கி வைப்பார்கள். வழியோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் போடுவார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் அதில் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினால், செத்தவளுக்கும் வயிற்றுச் சுமை இறங்கும் என்று நம்பிக்கை. இப்போது இந்த ரோட்டில் யாரும் தலையில் சுமந்து போவதில்லை. எல்லாம் கண்டெய்னரில் போகிறது. அவள் கல்லைப் பிடுங்கி வந்து பத்து வீட்டு அழுக்கை அதில் அடித்தோம். அதன்மேல் நான் தாய்ப்பாலை ஊற்றினேன்.

அதை அக்காவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. சொன்னால் அக்கா அந்தக் கல்லை அப்புறப்படுத்திவிடுவாள். கல் போனால் குழந்தைக்கு மறுபடியும் தண்ணீர்ப் பால்தான். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு லீவு. தரையில் படுத்துப் பச்சரிசி மென்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, மத்தியானத்துல யாரோ வராங்க.”

அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை. “தெரியும்.”

கல்லைப் பற்றியும் சொன்னேன். நான் ஊற்றியதையும், தாழ்ப்பாள் போட்டிருந்தும் அவள் வந்ததையும் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“போன ஞாயித்துக்கெழம இதே எடத்துலதான் படுத்துக் கெடந்தேன். எம் பக்கத்துலயே உக்காந்து குடுத்தா. எந்திரிக்கணும்னு பாத்தேன். ஒடம்பு வரல. பிள்ள முழுங்குத சத்தம் கேட்டுச்சு. அதக் கேட்டுகிட்டே தூங்கிட்டேன். இவளப் பெத்ததுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனேன்.”

“பயமா இல்லையாக்கா?”

“பசிச்ச பிள்ள அழுததக் கேக்குறத விடவா?”

இன்னும் கொஞ்சம் அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். “எங்க அம்மையும் ரெத்தம் இல்லாமத்தான் போனா. என்னயப் பெத்த பதினோராம் நாளு. அடுத்த வீட்டுக்காரிதான் எனக்குப் பால் குடுத்துருக்கா. அவ யாரு எவருன்னு பாத்தா நான் குடிச்சேன்?”

என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன.

“சாத்துனாலும் அவ வருவா. ஆனாலும் நாளைலருந்து பன்னெண்டு மணிக்குக் கதவச் சாத்தாத.”

நான் சாத்தவில்லை. குழந்தை வளர்ந்தது. கைகளில் மடிப்பு விழுந்தது. அக்கா மூன்று மணிக்கு வந்து தூக்கினால் மட்டும் விறைத்துக்கொண்டது. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, யாருமே இல்லாத வாசலைப் பார்த்துச் சிரித்தது. அக்கா அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்புவாள். அது மறுபடியும் வாசலுக்குத் திரும்பும்.

“என்னயப் பாத்து ஒரு தரம் சிரிச்சாப் போதும்” என்றாள் ஒரு நாள். என்னிடம் சொன்னதுபோல இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கம்பெனி லைனில் நின்றபடியே அவள் மயங்கி விழுந்தாள். கம்பெனி ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று பாட்டில் ரத்தம், ஐந்து நாள். குழந்தையை அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டோம்.

“இன்னாடி இது, அழவே மாட்டுது” என்றாள் அம்மா.

அந்த ஐந்து நாளும் வருகிறவள் உச்சிவேளைக்காகக் காத்திருக்கவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது உதட்டில் நிறம் இருந்தது. வேலை போயிருந்தது. கூட வேலை பார்த்த ஒரு பெண் அவள் செருப்பையும் டிபன் பாக்சையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா நான்கு நாள் படுத்தே இருந்தாள். அம்மா கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் கொண்டுபோய் வைத்தாள். ஐந்தாம் நாள் காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டு ஜாக்கெட்டைக் காட்டினாள். இரண்டு பக்கமும் ஈரம்.

“ஊறுதுட்டி. எனக்கு ஊறுது.”

குழந்தையை மடியில் போட்டாள். அது வாயை இறுக்கி மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று முழுக்கத் திருப்பிக்கொண்டது. மறுநாளும்.

அன்றுதான் பேச்சிராஜ் அண்ணன் வந்தார். தூத்துக்குடிக்கு லோடு கிடைத்திருக்கிறது, ஊருக்கே போய்விடலாம் என்று சாமான்களைக் கட்டினார். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு அவர் டீசல் போடப் போனார். அக்கா என்னை வெளியே இருக்கச் சொன்னாள்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள்.

“ஒரு மடக்குட்டி. ஒரே ஒரு மடக்கு. எந் தங்கம்லா” என்று அவள் கெஞ்சுவது கேட்டது. குழந்தை அலறியது.

எதிர்க் கம்பெனியில் மணி அடித்தது.

உள்ளே பேச்சு மாறியது. அக்கா யாரிடமோ மெதுவாக ஏதோ சொன்னாள். யாரோ பதில் சொன்னார்கள். நான் கதவில் காதை வைத்தேன். இரண்டு பெண்கள் ஒரு குழந்தைக்கு மேலே குனிந்து பேசும் குரல். அழுகை அடங்கியது.

மடக், மடக்.

அக்கா கதவைத் திறந்தபோது முகம் கழுவியதுபோல இருந்தாள். குழந்தை அவள் மார்பில் சாய்ந்திருந்தது. அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. வாயோரம் பால். அது வெள்ளையா மஞ்சளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

லாரி தெருமுனையில் நின்றது. அண்ணன் கேபினில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அக்கா குழந்தையோடு ஏறினாள். கதவை மூடாமல், உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டாள்.

“யாருக்குடி எடம் போடுத? கதவச் சாத்து” என்றார் அண்ணன்.

அவள் கதவைச் சாத்தவில்லை. குழந்தையை இடது கையில் மாற்றிக்கொண்டாள். வலது கையைக் கீழே நீட்டினாள். நிறைமாதக்காரியைப் படியேற்றிவிடுவதுபோல, மெதுவாக, பாரம் தெரியும்படி இழுத்தாள்.

கதவுப் பக்கம் சீட் அமுங்கியது.

அதற்குப் பிறகு குறுக்கே எட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன். ஏதாவது சொல்வாள் என்று நின்றுகொண்டே இருந்தேன்.

லாரி நகர்ந்தது.